எழுபத்தெட்டுக் கிலோ

பின்னால் போய் நின்று தூக்குங்கள் தம்பி. ஹேண்டிலை விட்டுவிடலாம், ஸ்டாண்டில் நிற்கும். கேரியருக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். ம். ஒரு சாண் எழும்பியதா? முன்பக்கமும் அப்படித்தான் எழும்பும். மொத்தம் எழுபத்தெட்டுக் கிலோ. இரும்புக்கடைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தது, வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இதை நான் ஒற்றை ஆளாக நெஞ்சுயரத்துக்குத் தூக்கி ஜீப்பில் வைத்திருக்கிறேன். சாயங்காலம் இறக்குவேன், காலையில் ஏற்றுவேன். என் காலைப் பார்க்காதீர்கள். வண்டியைப் பாருங்கள்.

பட்டறை லூர்து என்ன சொல்லி அனுப்பினான்? ஜீப்பில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி சின்ன வண்டி ஒன்று சுருளியப்பன் வீட்டில் சும்மா நிற்கிறது என்றானா? சும்மா நிற்கவில்லை. நான் நிறுத்திவைத்திருக்கிறேன். இரண்டும் வேறு. கொடுக்கிறேன், கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. மேகமலைக்குக் கொண்டுபோங்கள், கொடைக்கானலுக்குக் கொண்டுபோங்கள். எங்கள் மெட்டுக் கணவாய்க்கு மேலே மட்டும் இது போகக்கூடாது. அந்த வீருத்தாய் கை இதில் படக்கூடாது. விலையெல்லாம் அப்புறம். முதல் பேச்சு இது.

வீருத்தாயைத் தெரியுமா உங்களுக்கு? நீங்கள் தலையை ஆட்டுகிறீர்களா ஈயை விரட்டுகிறீர்களா என்று தெரியவில்லை. சரி, உட்காருங்கள். அந்த ஸ்டூலை இழுத்துப் போடுங்கள்.

இருபத்தாறு வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். விடியுமுன் கம்பம் ரோட்டில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகப் போகுமே, அதில் ஒன்று என்னுடையது. எங்கள் பக்கம் தனித்தனியாக ஜீப் பிடிக்கமாட்டார்கள். செட்டாக வருவார்கள், விட்டுப் போனாலும் செட்டாகத்தான் போவார்கள். என் செட்டில் பதினொரு பேர். ஏழு வருஷமாக அதே பதினொரு பேர், அவரவருக்கு அதே இடம். யார் எந்த வளைவில் தூங்குவாள், யார் எங்கே வெற்றிலையைத் துப்புவாள் எல்லாம் எனக்குத் தெரியும். மெட்டைத் தாண்டித் தார்ரோடு முடிந்ததும் பன்னிரண்டு கிலோமீட்டர் கல்பாதை. இரண்டு ஓடை. போனில் ஒரு கோடுகூட வராது. அந்தப் பாதையில் ஏழு வருஷம் ஒரு பெண் தலையிலும் அடிபடாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறேன். இதை யாராவது உங்களிடம் சொன்னார்களா? சொல்லமாட்டார்கள்.

போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள் பின் ஆக்சில் உடைந்தது. ஏழு வருஷத்தில் ஒரே ஒருநாள். இரும்பு உடைந்தால் டிரைவர் என்ன செய்வான்? அன்றைக்கென்று ஜக்கம்மாவுக்குக் காய்ச்சல். செட்டிலேயே மூத்தவள் அவள். கம்பளியைக் கம்பில் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு எட்டுக் கிலோமீட்டர் இறங்கினோம். ஒரு முனையை நான்தான் தூக்கினேன். அதை யாரும் பேசுவதில்லை. அவர்கள் தூக்கியதை மட்டும் இன்றுவரைக்கும் பேசுகிறார்கள்.

மறுவாரம் வீருத்தாய் வந்தாள். செட்டுக்காக எப்போதும் அவள்தான் பேசுவாள். நாற்பது வயதிருக்கும், என் தோளுக்குக்கூட வரமாட்டாள், பேச்சு மட்டும் ஜீப் கூரைக்கு மேலே நிற்கும். ஜீப்பிலேயே ஒரு சின்ன வண்டியைக் கட்டிக்கொண்டு போகலாம், வழியில் நின்றுபோனால் ஒருத்தர் அதில் இறங்கிப்போய் ஆளைக் கூட்டிவரலாம் என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? கல்யாணத்தன்றைக்கே மாப்பிள்ளையிடம் வந்து, எதற்கும் இன்னொருத்தனையும் பார்த்து வைத்துக்கொள்கிறோம் என்று சொன்ன மாதிரி இருந்தது.  இரண்டு நாள் ஜீப்பில் பாட்டுப் பெட்டியைப் போடவில்லை. மூன்றாம் நாள் நானாக யோசித்துப் பார்த்து ஒரு வண்டி வாங்கலாம் என்று முடிவுசெய்தேன். அவள் சொன்னதற்காக இல்லை.

லூர்து பட்டறையில் மூன்று வண்டி நின்றது. முதலாவது பேட்டரி ஸ்கூட்டர். மலையில் எங்கே சார்ஜ் போடுவது, ஏலச்செடியிலா என்று கேட்டேன். அதைத் தள்ளிவைத்தான். இரண்டாவது பெடல் வைத்த பழைய மொபெட். கியர் கிடையாது, முறுக்கினால் போகும். மட்கார்டு, பெட்டி எல்லாம் கழற்றிவிட்டால் நாற்பத்தாறு கிலோ. லூர்துக்கு அதன்மேல்தான் கண். ஜீப்பின் பக்கவாட்டில் இரண்டு கொக்கி அடித்தால் சைக்கிள் மாதிரி தொங்கிவிடும், பின்பக்கம் ஆட்கள் ஏறி இறங்குகிற வழி அப்படியே இருக்கும், இரண்டு பொம்பளைகள் சேர்ந்தால் இறக்கிவிடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனான். நான் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. பால்காரன் மாதிரி இருந்தது. எதிரே வருகிற ஜீப்காரன் என்னைப் பார்த்தால் இறங்கி இரண்டு லிட்டர் கேட்பான்.

மூன்றாவதுதான் இது. எண்பது சிசி. நான்கு கியர். செல்ஃப் கிடையாது, கிக்கர்தான், அதனால் பேட்டரி செத்தாலும் கவலையில்லை. சைலன்சரைப் பாருங்கள், மேலே தூக்கி வைத்திருக்கிறான், ஓடைத்தண்ணீர் ஏறாது. டேங்க் மூடியைப் பாருங்கள், படுக்கவைத்தாலும் பெட்ரோல் ஒழுகாது. மலைக்கென்றே பிறந்த வண்டி. லூர்து அப்போதும் விடவில்லை. இதைப் பின்னால் மாட்டினால் ஜீப்பின் வால் கனத்துப்போகும், ஓடையில் இறங்கும்போது தரையில் இடிக்கும், செங்குத்தில் முன்சக்கரம் லேசாகும் என்றான். முப்பத்திரண்டு கிலோதான் வித்தியாசம். ஒரு சிமெண்ட் மூட்டைகூட இல்லை.  பட்டறை வாசலில் அப்படியே தூக்கிக் காட்டினேன். 

டேங்க்கில் பெட்ரோல் இருந்ததா என்றா? அப்போது இல்லை. அதனாலென்ன, பெட்ரோல் என்ன கல்லா?

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரும் வண்டி பார்க்கப் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். யார் கூப்பிட்டது? தலையில் பூ வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாதிரி சுற்றி நின்றார்கள். எல்லோரும் நேராக அந்த மொபெட்டுக்குப் போனார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி ஏறி உட்கார்ந்து, தரையில் கால் எட்டுகிறதா என்று பார்த்துச் சிரித்தார்கள். ஜக்கம்மாகூட ஏறினாள். இது நல்லா இருக்கே, நாங்களே ஓட்டிருவோம் என்றார்கள். நான் இந்த வண்டியைக் காட்டி, இதுதான் முடிவு, ஓட்டப்போவது நான், உங்களுக்கென்ன என்றேன்.

அப்போது வீருத்தாய் சொன்னாள் தம்பி. லூர்துவும் கேட்டான், பதினொரு பேரும் கேட்டார்கள். "அண்ணே, ஜீப்பு விழுந்தா நீங்க போவீக. நீங்களே விழுந்து கெடந்தா யாரு போறது?"

விளங்கினவள் பேசுகிற பேச்சா? ஒரு வாகனத்தை எடுக்கப்போகிற இடத்தில், எலுமிச்சம்பழம்கூட இன்னும் நசுக்கவில்லை, விழுந்து கிடந்தால் என்று வாயைத் திறந்து சொல்கிறாள். என்னைப் பார்த்தே சொல்கிறாள். எல்லாம் அங்கேதான் ஆரம்பம். டாக்டர் வழுக்கியது என்கிறான், லூர்து பாரம் என்கிறான். என்னைக் கேட்டால் அந்த வாய்தான்.

நான் விட்டேனா? அன்றைக்கே இந்த வண்டியைப் பேசி முடித்தேன். ஜீப்பின் பின்பக்கம் ஆங்கிள் வைத்து ஸ்டாண்டு அடிக்கச் சொன்னேன், என் நெஞ்சுயரத்துக்கு. கீழே அடித்தால் ஓடையில் இடிக்குமே. அதனால் பின்வழி அடைபட்டது, உண்மை. அவர்கள் முன்சீட்டைத் தாண்டி ஏறவேண்டியிருந்தது. முட்டி வலிக்கிறது, சேலை மாட்டுகிறது என்று முனகினார்கள். வண்டி வேண்டும் என்று கேட்டது யார்? கேட்டது கிடைத்தால் அதிலும் குறையா? லூர்து ஒரு பலகை தருகிறேன், அதில் உருட்டி ஏற்றி இறக்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். கோழிக்கூண்டுக்குத்தான் பலகை வைப்பார்கள்.

வண்டியைப் பேசி முடித்த கையோடு வீருத்தாய் இரண்டுதரம் கேட்டாள், கியர் போட மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்று. காய் எடுக்கிற வேலையைப் பார் என்றேன். இது தப்பா? நீங்களாக இருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பீர்களா? அவள் சரி என்று போய்விட்டாள். சரி என்றாள் என்று நானும் நம்பினேன். ஸ்டாண்டு அடிக்க வண்டி பட்டறையில் கிடந்த நாலு நாளும், வேலைமுடிந்து போகிற வழியில் அவள் லூர்துவிடம் போயிருக்கிறாள். பட்டறைக்குப் பின்னாலிருக்கிற காலிமனையில் அவன் என் வண்டியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். என் வண்டியில். நாலு நாளும். எனக்கு இது தெரிந்தது எப்போது? தரையில் படுத்துக்கொண்டு தெரிந்தது.

ஆனி மாதம். நல்ல மழை. காலை ஏழு மணி, கொக்குப்பாறை வளைவு. மேலே ஐந்து கிலோமீட்டர், கீழே ஏழு. ஜீப் நின்றுவிட்டது. சக்கரத்தைச் சுற்றவைக்கிற ஷாப்டின் போல்ட் அறுந்துபோய் ஷாப்ட் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நான் பதறவில்லை. இதற்குத்தானே வண்டி. சொல்லப்போனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி நன்றாகக்கூட இருந்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னேன். ஒவ்வொருத்தியாகச் சீட்டைத் தாண்டி இறங்கி மழையில் நின்றார்கள். நாங்களும் ஒரு கை பிடிக்கிறோம் என்று நாலு பேர் வந்தார்கள். தள்ளி நில்லுங்கள் என்றேன். ஒற்றை ஆளாகச் செய்கிறவனைச் சுற்றிக் கூட்டம் போட்டால் அவனுக்குக் கவனம் சிதறாதா? வண்டியைக் கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்தேன். பின்சக்கரம் வெளியே வந்துவிட்டது. முன்சக்கரம் வரவில்லை. ஒரு இழுப்பு இழுத்தேன். அப்போதுதான் எவளோ, அண்ணே பார்த்து என்றாள். அந்த நேரத்தில் குரல் கொடுக்கலாமா? கீழே சேறு. நான் கீழே போனேன், அது என்மேல் வந்தது. தொடையில் சத்தம் கேட்டது. மழைச்சத்தத்திலும் கேட்டது.

பதினொரு பேரும் சேர்ந்து ஒரு நொடியில் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். அதை மறைக்கமாட்டேன். ஆனால் நிறுத்தியதும் என்ன செய்தார்கள் தெரியுமா? நான் இங்கே கிடக்கிறேன், வீருத்தாய் வண்டியைச் சுற்றிவந்து பிரேக்கை அமுக்கிப் பார்க்கிறாள். டேங்க்கை ஆட்டிப் பார்க்கிறாள். அப்புறம்தான் என்னிடம் வந்து சாவியைக் கேட்டாள்.

சாவி என் கையில் இருந்தது. கொடுக்கமுடியாது என்றேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எஸ்டேட் டிராக்டர் இறங்கும், காத்திருங்கள் என்றேன். எனக்குக் கியர் போடத் தெரியும் என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். லூர்து அண்ணன் என்றாள். தொடையில் வலித்ததைவிட அது வலித்தது தம்பி, பொய் சொல்லவில்லை. சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். யோசித்துப் பாருங்கள், அந்த இறக்கத்தில், மழையில், ஒரு பொம்பளையைக் கியர்வண்டியில் அனுப்பி, அவளும் எங்கேயாவது உருண்டால் யார் பதில் சொல்வது? செட்டுக்குப் பொறுப்பு நான். அந்தப் பொறுப்பில்தான் கொடுக்கவில்லை. ஊரில் வேறுமாதிரி பேசுகிறார்கள்.

முக்கால் மணிநேரம் போனது. டிராக்டர் வரவில்லை. அன்றைக்கு எஸ்டேட்டில் லீவு விட்டுவிட்டார்களாம், மழைக்கு. நமக்கு எப்படித் தெரியும்? வேட்டியெல்லாம் ரத்தமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஜக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "செத்துக்கித்துப் போனா இந்தச் சாவிய வச்சு என்ன பண்ணப் போறீக?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஏலக்காய் எடுக்கிற கை. கிழவியானாலும் இரும்பு. சுண்டுவிரலைப் பிரித்தபோது நான் கெட்டவார்த்தை சொன்னேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

வீருத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரே உதை. பிடித்துக்கொண்டது. ஃபர்ஸ்ட் போட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, வருகிறேன் அண்ணே என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குத் தலையைத் திருப்ப முடியாது. சத்தம் மட்டும்தான் கேட்டது. செகண்ட் போட்டாள். எனக்கு அந்தப் பாதை தெரியும், நூறு அடியில் கொண்டைஊசி வருகிறது, அங்கே செகண்டில் போனால் நேராகப் பள்ளம். ஃபர்ஸ்டுக்கு வா, வந்துவிடு என்று படுத்துக்கொண்டே சொல்கிறேன், வாய்விட்டுச் சொன்னேனாம். வந்தாள். ஃபர்ஸ்டுக்கு வந்தாள். வளைந்ததும் செகண்ட். ஓடையில் கிளட்சைப் பிடிக்காமல் ஒரே இழுப்பாக எடுத்துப்போனாள், சத்தம் அறுபடவே இல்லை. அங்கே புதிதாக ஓட்டுகிறவன் எல்லாம் கிளட்சைப் பிடித்து நின்றுபோவான். நான்கூட முதல்நாள் நின்றேன். மூன்றாவது வளைவுக்கு அப்புறம் சத்தம் கேட்கவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

மெட்டுச் செக்போஸ்டிலிருந்து ஒரு ஜீப்பைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதிலேயே ஏறி வந்திருக்கலாம் அல்லவா? வரவில்லை. ஜீப்புக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு, அந்த ஏற்றம் முழுக்க இந்த வண்டியிலேயே ஏறி வந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னும் இரண்டு மணிநேரம் போயிருந்தால் காலை எடுத்திருப்பேன் என்றான் டாக்டர். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அவர்கள் பெருமைக்கு. என்ன? ஒன்றுமில்லை தம்பி, உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி சொல்கிறாள். கேட்டதா உங்களுக்கு? "அந்தப் புண்ணியவதி போகலைன்னா காலு மட்டுமா, ஆளே இல்ல." ஆறு மாதமாக இதைத்தான் சொல்கிறாள். சோறு போடும்போது சொல்கிறாள், தைலம் தேய்க்கும்போது சொல்கிறாள். இந்த வீட்டில் என் பக்கம் பேச ஒரு ஆள் கிடையாது. ஜீப்பு ஒன்றுதான், அதுவும் பேசாது.

ஆஸ்பத்திரிக்குச் செட்டே வந்தது. ஆரஞ்சு, பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வீருத்தாய் கட்டில் ஓரத்தில் நின்றாள். சொல்லாமல் எடுத்துப்போனேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். சொன்னால் அந்த இடத்திலேயே விட்டிருப்பேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? வண்டி விழுந்ததில் இடதுபக்க இண்டிகேட்டர் உடைந்திருக்கிறது, லூர்துவிடம் சொல்லி மாற்றிவிட்டேன் என்றாள். அவ்வளவுதான். பாருங்கள், அந்த ஒன்று மட்டும் புதுசாக மின்னுகிறதா? நான் சொல்லவே இல்லை. யார் மாற்றச் சொன்னது?

ஆடி பிறந்ததும் செட்டு வேறு ஜீப்புக்குப் போய்விட்டது. காய் எடுக்கிற பருவம், சும்மா இருக்க முடியாது என்றார்கள். ஏழு வருஷம். போகட்டும். தையில் தொடைக்குள் வைத்த ப்ளேட்டை எடுத்துவிடுவார்கள், மாசியில் நான் ஜீப்பை எடுத்துவிடுவேன். டாக்டர் கிளட்சை மிதிக்கக்கூடாது என்கிறான். அவனுக்கு ஜீப் ஓட்டத் தெரியுமா? இந்த வண்டி என்னிடம் நிற்கிறவரை செட்டு என்னிடம் வந்துதான் ஆகவேண்டும். வேறு எவன் ஜீப்பில் இந்த மாதிரி வசதி இருக்கிறது? அதனால்தான் இவ்வளவு நாளும் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன் என்றால், வீட்டுக்காரி தொல்லை. தினமும் வாசலில் இதைப் பார்த்துப் பார்த்து நீங்கள் பல்லைக் கடிக்கிறீர்கள் என்கிறாள்.

சரி, நானே பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எந்த லைன் ஓட்டுகிறீர்கள் தம்பி? ஏன் முழிக்கிறீர்கள்? கேட்டது புரியவில்லையா? எந்தப் பக்கம் ஜீப் போகிறது?

மெட்டுக்கு மேலேயா.

எத்தனை பேர்? பதினொன்றா.

முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நல்ல ஆள் நீங்கள். எழுந்திருக்கவேண்டாம். உட்காருங்கள் என்கிறேன். லூர்து அனுப்பவில்லை, அவள் அனுப்பினாள். சொல்லுங்கள், அவள்தானே? என்னிடமே என் வண்டியை வாங்கி, என் பாதையில், என் செட்டோடு. நான் இந்தக் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று பார்க்கவேண்டும். எவ்வளவு துணிச்சல். தெரியாத முகமாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாள். நீங்கள் கம்பத்துக்காரர்கூட இல்லை, பேச்சைக் கேட்டாலே தெரிகிறது.

ஜக்கம்மா எங்கே உட்காருகிறாள்? நடுவிலா? நடுவில் உட்காரவைத்தால் இரண்டாவது ஓடைக்கு முன்னால் வாந்தி எடுப்பாள். ஓரத்தில் உட்காரவையுங்கள், இடதுபக்க ஓரம். இதுகூடத் தெரியாமல் லைன் ஓட்டுகிறீர்களா? ஷாப்ட் போல்ட்டைப் பார்க்கிறீர்களா? மாதம் ஒருதரமா? வாரம் ஒருதரம் பார்க்கவேண்டும். நான் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். அந்த வாரம்தான் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். லூர்துவிடம் அந்த மொபெட் இன்னும் நிற்கிறது அல்லவா? நிற்கிறதா. அதை ஏன் கேட்கவில்லை? அவள் வேண்டாம் என்றாளா? என்ன சொன்னாள், அப்படியே சொல்லுங்கள். மெட்டு ஏற்றத்துக்கு அது இழுக்காது, அண்ணன் வண்டிதான் இழுக்கும் என்றாளா?

கேட்டாயாடீ உள்ளே? அண்ணன் வண்டிதான் இழுக்குமாம். நான் அன்றைக்கே சொன்னேன். பதினொரு பேரும் சேர்ந்து மொபெட் மொபெட் என்று குதித்தார்கள். கடைசியில் யார் தேர்ந்தெடுத்தது சரி? அதை ஒப்புக்கொள்ள ஒருத்திக்கும் என் முன்னால் வந்து நிற்க வாயில்லை. ஆள் அனுப்புகிறார்கள்.

நான் கோபமாகத்தான் இருக்கிறேன். அதை நீங்கள் போய்ச் சொல்லலாம். லூர்துவிடம் இனி பேசமாட்டேன், அதையும் சொல்லுங்கள். அந்தத் தகரடப்பாவில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடக்கும், எடுங்கள். அந்த ஆயில் குப்பியையும். வண்டியை இப்படி என் பக்கம் நகர்த்துங்கள், நான் எழுந்திருக்க முடியாது. நான் கொடுத்தேன் என்று அவளிடம் சொல்லவேண்டாம், என் வீட்டுக்காரி கொடுத்தாள் என்று சொல்லுங்கள். இல்லை, ஒன்றும் சொல்லவேண்டாம். இந்த நட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றிவிடாமல். ஏழு வருஷத்தில் ஒருநாள் தம்பி, ஒரே ஒருநாள் உடைந்ததற்கு இவ்வளவும். கேபிளில் இரண்டு சொட்டு விடுங்கள். போதும். இந்தக் கிளட்ச் இறுக்கம் என் கைக்கு வைத்தது. கிளட்சை இழுத்துப் பாருங்கள். முழுக்கையால் இல்லை, நுனிவிரல் இரண்டால் மட்டும். வரவில்லையா? இருங்கள்.

இப்போது இழுங்கள்.